பைரீன் ஒளிர்வும் கரைப்பானின் முனைவுத்தன்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி, இராமேசுவரம் பகுதிக் கல்லூரிகளில் வேதியியலோ கடலியலோ படித்து, முதுநிலைத் திட்டப்பணிக்காக ஒளிர்வு நிறமாலைமானியின் முன் முதன்முறையாக உட்காரும் மாணவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்று மட்டும் படகுத்துறையில் கேட்கப்பட்டது. ஒரு விடையில் சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்த விடையின் எண்ணைச் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பவர்களுக்கு எளிதாக இருக்கும்.

1. அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்னு சொல்றீங்களே, அது நம்ம பக்கம் எங்க சார் இருக்கு?

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டு, பென்சீன் வளையங்களால் ஆன சேர்மங்களையே அப்படி அழைக்கிறோம். இரண்டு வளையங்கள் ஒட்டியிருந்தால் நாப்தலீன். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையாக அதை எல்லோரும் அறிவர். மூன்று வளையங்கள் நேர்வரிசையில் ஒட்டியிருந்தால் ஆந்த்ரசீன். நான்கு வளையங்கள் நெருங்கி ஒட்டிய, 16 கார்பனும் 10 ஹைட்ரஜனும் உள்ள சேர்மம் பைரீன். இந்தத் தொகுப்பின் பெரும்பகுதி பைரீனைப் பற்றியதே.

விறகோ டீசலோ முழுமையாக எரியாத இடங்களிலெல்லாம் இவை உண்டாகின்றன. விசைப்படகின் புகைக்குழாயில் படியும் கரியிலும், நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும்போது எழும் புகையிலும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் கலந்தே இருக்கும். ஆய்வகத்தில் நமக்கு வேண்டியது அந்தக் கலவை அன்று. தூய்மையாக்கப்பட்ட ஒற்றைச் சேர்மம். வாங்கிய பைரீன் மஞ்சள் சாயலோடு இருந்தால் எத்தனாலில் கரைத்து மறுபடிகமாக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

2. முனைவுத்தன்மைன்னா மின்காப்பு மாறிலிதானே? அட்டவணையில பார்த்துக்கிட்டாப் போதாதா?

மின்காப்பு மாறிலி என்பது இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே நிரப்பப்பட்ட திரவம் முழுவதும் சேர்ந்து காட்டும் பண்பு. அறை வெப்பநிலையில் ஹெக்சேனுக்கு அது 1.9, எத்தனாலுக்கு 24.5, நீருக்கு 78. ஆனால் கரைசலில் இருக்கும் ஒரு மூலக்கூறு திரவம் முழுவதையும் உணர்வதில்லை. தன்னைச் சுற்றியிருக்கும் சில மூலக்கூறுகளின் இருமுனைத் திருப்புத்திறன், அவற்றின் எலக்ட்ரான் முகில் எளிதில் உருமாறும் தன்மை, ஹைட்ரஜன் பிணைப்பு ஆகியவற்றை மட்டுமே அது உணர்கிறது. இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் வேதியியலாளர் முனைவுத்தன்மை என்று தளர்வாகச் சொல்கிறார்கள்.

எனவே கரைசலுக்குள் ஓர் ஒளிரும் மூலக்கூறை அனுப்பி, அதன் ஒளியில் தோன்றும் மாற்றத்தைக் கொண்டு சூழலை அறியும் முறை தேவைப்படுகிறது. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு தான் விழுந்த இடத்தின் ஆழத்தைத்தான் சொல்லும், கடலின் ஆழத்தைச் சொல்லாது, பைரீனும் அப்படித்தான். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி, இதை மறந்துவிடுவதால் வருபவை.

3. புளோரசன்ஸ் எப்படி நடக்குதுன்னு சுருக்கமாச் சொல்லுங்க.

மூலக்கூறு புறஊதா ஒளியை உறிஞ்சிக் கிளர்வு நிலைக்குச் செல்கிறது. அதிகப்படியான அதிர்வாற்றலை மிகக் குறுகிய நேரத்தில் சுற்றியுள்ள கரைப்பானுக்குக் கொடுத்துவிட்டு, முதல் கிளர்வு நிலையின் அடித்தட்டில் வந்து நிற்கிறது. அங்கிருந்து அடி நிலைக்குத் திரும்பும்போது, உறிஞ்சியதைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளியை உமிழ்கிறது. பைரீனை ஏறத்தாழ 335 நானோமீட்டரில் கிளர்வூட்டினால், 370 முதல் 400 வரை ஊதா விளிம்பில் ஒளிர்கிறது. கிளர்வு நிலையில் அது தங்கும் நேரம் நானோநொடிகளில் அளக்கப்படும். விளக்கை அணைத்த பிறகும் நெடுநேரம் நீடிக்கும் நின்றொளிர்தல் வேறு. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

4. தம்பி, துறையில தண்ணி மேல வானவில் மாதிரி ஒரு கலர் தெரியுதே, அதுதான் நீங்க சொல்ற ஒளிர்வா?

இல்லை. பாம்பனிலோ மண்டபத்திலோ படகுகள் கட்டியிருக்கும் இடத்தில் பகலில் தெரியும் அந்த நிறங்கள், எண்ணெய்ப் படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் எதிரொளித்த கதிர்கள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருபவை. ஒளிராத எண்ணெயும் மெல்லிய படலமானால் அந்த நிறங்களைக் காட்டும். பார்க்கும் கோணத்தை மாற்றினால் நிறமும் மாறும். ஒளிர்வு அப்படி மாறாது.

ஆனால் அதே படலத்தின் மீது இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டினால் டீசலோ கச்சா எண்ணெயோ நீலமாக ஒளிர்வதைக் காணலாம். அந்த ஒளி, 1-ஆம் விடையில் சொன்ன ஹைட்ரோகார்பன்களிலிருந்து வருவது. கடல்நீரில் கலந்த எண்ணெயை அளக்கும் முறையும் இதன் மீதுதான் நிற்கிறது: மாதிரியைக் கரிமக் கரைப்பானில் பிரித்தெடுத்து, 310 நானோமீட்டரில் கிளர்வூட்டி, 360-இல் ஒளிர்வை அளந்து, கிரைசீன் என்னும் சேர்மத்தின் ஒளிர்வோடு ஒப்பிட்டு அளவைச் சொல்வார்கள். அங்கே கேள்வி 'எவ்வளவு எண்ணெய்' என்பது. இனி வரும் விடைகளில் கேள்வி வேறு: 'ஒளிரும் மூலக்கூறைச் சுற்றி என்ன இருக்கிறது?'

5. பைரீனோட நிறமாலையில அஞ்சு முகடு இருக்கு. எதை எதால வகுக்கணும்?

நீர்த்த கரைசலில் பைரீன் ஏறத்தாழ 373, 379, 384, 389, 393 நானோமீட்டர்களில் ஐந்து பட்டைகளைக் காட்டும். கரைப்பான் மாறும்போது பட்டைகளின் இடம் ஓரிரு நானோமீட்டருக்கு மேல் நகராது. அவற்றின் உயரங்கள்தான் மாறும். முதற்பட்டையின் உயரத்தை மூன்றாம் பட்டையின் உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே பைரீன் அளவுகோல் எனப்படும்.

டாங், வின்னிக் இருவரும் 1980களில் வெளியிட்ட மதிப்புகளே இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. ஹெக்சேனிலும் சைக்ளோஹெக்சேனிலும் 0.58, பென்சீனில் 1.05, எத்தனாலில் 1.18, மெத்தனாலில் 1.35, அசிட்டோநைட்ரைலில் 1.79, நீரில் 1.87, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் 1.95. சைக்ளோஹெக்சேனில் மூன்றாம் பட்டை ஓங்கி நிற்கும். நீரில் முதற்பட்டை அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரும். இந்த வேறுபாடு கணக்கே போடாமல் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது என்பதுதான் இந்த முறையின் பலம்.

6. ஏன் முதற்பட்டை மட்டும் கரைப்பானுக்குக் கட்டுப்படுகிறது? மூன்றாவது ஏன் அசையாமல் நிற்கிறது?

பைரீன் தட்டையான, சீர்மை மிகுந்த மூலக்கூறு. அதன் முதல் கிளர்வு நிலையிலிருந்து அடி நிலைக்கு நேரடியாகத் திரும்பும் மாற்றத்துக்கான பங்களிப்புகள், அந்த எலக்ட்ரான் அமைப்பின் காரணமாக, ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகின்றன. அதனால் அதிர்வு எதுவும் கலவாத அந்த நேரடி மாற்றம், அதாவது முதற்பட்டை, இயல்பில் மிக வலுவற்றது. முனைவுள்ள கரைப்பான் மூலக்கூறுகள் அருகே வந்து எலக்ட்ரான் முகிலைச் சற்றே கோணலாக்கும்போது அந்த ஈடு குலைகிறது. குலையும் அளவுக்கு முதற்பட்டை வளர்கிறது. மூன்றாம் பட்டையின் நிலை வேறு. மூலக்கூறின் சொந்த அதிர்வுகளின் வழியாக, வலுவாக ஒளியை உறிஞ்சும் இரண்டாம் கிளர்வு நிலையிலிருந்து அது தன் வலுவைக் கடன் வாங்குகிறது. அந்தக் கடனுக்குக் கரைப்பானின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. ஆகவே ஒன்றை அளவியாகவும் மற்றொன்றை ஒப்பீட்டுப் புள்ளியாகவும் கொள்ள முடிகிறது.

தடைசெய்யப்பட்ட பட்டை கரைப்பானால் வலுப்பெறுவதைப் பென்சீனின் உறிஞ்சு நிறமாலையில் 1950களிலேயே ஹாம் கவனித்தார். அதனால் இதை ஹாம் விளைவு என்பர். பைரீனின் ஒளிர்வில் இதை நகஜிமா 1970களில் ஆராய்ந்தார். 1977-இல் கல்யாணசுந்தரமும் தாமஸும் இதை மிசெல்களுக்குள், அதாவது சோப்பு போன்ற மூலக்கூறுகள் நீரில் திரண்டு உண்டாகும் நுண்ணிய திரள்களுக்குள், நுழைந்து பார்க்கும் கருவியாக மாற்றினார்கள். அந்தக் கல்யாணசுந்தரமே பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தில் பணியாற்றியபடி, பழந்தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர். அந்த மின்பதிப்புகளைப் பயன்படுத்தும் தமிழாசிரியர்களுக்கு அவருடைய பைரீன் ஆய்வு தெரிவதில்லை. பைரீனைப் பயன்படுத்தும் நம் மாணவர்களுக்கு மதுரைத் திட்டம் தெரிவதில்லை.

7. ஆந்த்ரசீன் எங்க லேப்லயே இருக்கு. அதை வச்சுச் செய்யக் கூடாதா மேடம்?

ஆந்த்ரசீனின் முதல் மாற்றம் தடையற்றது. ஏற்கெனவே முழு வலுவோடு இருக்கும் பட்டையைக் கரைப்பானால் மேலும் குறிப்பிடத்தக்க அளவு வளர்க்க முடியாது. பெரிலீனும் அத்தகையதே: அருமையாக ஒளிரும், ஆனால் சூழலைப் பற்றி எதுவும் சொல்லாது. நன்றாக ஒளிர்வது நல்ல அளவியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் மாற்றம் வலுவற்றதாக இருப்பதே இங்கே தகுதி. பைரீனைத் தவிர கொரோனீன், ஆறு வளையங்கள் கொண்ட பென்சோபெரிலீன் ஆகியவை இந்தத் தகுதி உடையவை. அவை விலை மிகுந்தவை, பல கரைப்பான்களில் சரியாகக் கரையாதவை.

8. எவ்வளவு பைரீன் போடணும்? கூடப் போட்டா சிக்னல் நல்லா வருமே?

ஒரு மைக்ரோமோலார் போதும். நீருக்கு அதுவும் அதிகம். அறை வெப்பநிலையில் நீரில் பைரீன் ஏறத்தாழ 0.6 மைக்ரோமோலார் அளவே கரையும். எத்தனாலிலோ அசிட்டோனிலோ செறிந்த கரைசலைச் செய்து, அதில் மிகச் சிறிதளவைக் குடுவையில் விட்டு, கரைப்பான் முழுவதும் ஆவியான பிறகு மாதிரியை ஊற்றி இரவு முழுவதும் கலக்க விடுவது நம்பகமான வழி. அவசரத்தில் அசிட்டோன் கரைசலை நேரடியாக நீரில் விட்டால், கலந்த அசிட்டோனே சூழலை மாற்றிவிடும். கரையாத நுண்படிகங்கள் மிதந்து பொய்யான நிறமாலையையும் தரக்கூடும்.

செறிவு கூடினால் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வரும். கிளர்வுற்ற பைரீன் ஒன்றும் கிளர்வுறாத பைரீன் ஒன்றும் இணைந்து எக்ஸைமர் என்னும் இணையாகி, 470 முதல் 480 நானோமீட்டர் அருகே அகன்ற நீல மேட்டைத் தரும். ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் 1950களில் கண்டறிந்த இந்த மேடு தென்பட்டால் கரைசலை நீர்க்கச் செய்ய வேண்டும். மற்றொன்று கண்ணில் படாத தொல்லை: முதற்பட்டை விழும் இடத்திலேயே பைரீனின் சிறு உறிஞ்சுதலும் இருப்பதால், செறிந்த கரைசலில் முதற்பட்டையின் ஒளி வெளியே வருமுன் பிற பைரீன் மூலக்கூறுகளால் உறிஞ்சப்படும். விகிதம் குறையும், கரைப்பான் உண்மையைவிட முனைவு குறைந்ததாகத் தோன்றும்.

9. தண்ணிக்கு 1.87 வரணும்னு போட்டிருக்கு. எனக்கு 1.6 தான் வருது. நான் எங்க தப்பு பண்ணுறேன்?

பெரும்பாலும் எங்குமே இல்லை. 1977-இல் வெளியான மதிப்புகளும் 1980களில் வெளியானவையும் தமக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. முதற்பட்டைக்கும் மூன்றாம் பட்டைக்கும் இடைவெளி 11 நானோமீட்டர்தான். நடுவே இரண்டாம் பட்டையும் இருக்கிறது. உமிழ்வுப் பக்கத்து ஸ்லிட்டை, அதாவது ஒளி புகும் பிளவை, 5 நானோமீட்டருக்குத் திறந்தால் கூரிய முகடுகள் தேய்ந்து, பள்ளங்கள் நிரம்பி, விகிதம் ஒன்றை நோக்கி நகரும். ஸ்லிட்டை 1 நானோமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக வைத்துப் பாருங்கள். உணர்கருவி எல்லா அலைநீளங்களையும் ஒரே திறனோடு உணர்வதில்லை என்பதால், திருத்தப்பட்ட நிறமாலையா, திருத்தாததா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். 8-ஆம் விடையில் சொன்ன தன்னுறிஞ்சுதலும் இங்கே கணக்கில் வரும்.

இதற்கு ஒரே மருந்து உண்டு. உங்கள் கருவியில், அதே ஸ்லிட்டில், அதே நாளில் சைக்ளோஹெக்சேன், மெத்தனால், அசிட்டோநைட்ரைல், நீர் ஆகிய நான்கையாவது அளந்து, அந்த எண்களை உங்கள் மாதிரியின் எண்ணுக்கு அருகிலேயே அறிக்கையில் எழுதுங்கள். வெளியான அட்டவணையோடு நேரடியாக ஒப்பிட்டு எழுதப்படும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

10. பைரீன் போடாத வெறும் தண்ணியிலயே 378-ல ஒரு மேடு வருது. தண்ணி அசுத்தமா?

நீர் தூய்மையாகவே இருக்கலாம். அது இராமன் சிதறல். நீர் மூலக்கூறின் பிணைப்பு அதிர்வு, வந்த ஒளியிலிருந்து ஏறத்தாழ 3400 அலையெண் அளவு ஆற்றலை எடுத்துக்கொள்வதால், 335 நானோமீட்டரில் கிளர்வூட்டினால் சிதறிய ஒளி ஏறத்தாழ 378-இல் விழுகிறது. முதற்பட்டைக்கும் மூன்றாம் பட்டைக்கும் நடுவே போய் அது உட்கார்வது நம் கெட்ட நேரம். நீரில் பைரீன் மிகக் குறைவாகவே கரைவதால் இந்த மேட்டின் பங்கு அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

சோதிக்க எளிய வழி, கிளர்வு அலைநீளத்தை 320-க்கு மாற்றிப் பார்ப்பது. இராமன் மேடு 359-க்கு இடம்பெயரும். பைரீனின் பட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். எப்படியானாலும் பைரீன் இல்லாத மாதிரியின் நிறமாலையைக் கழித்த பிறகே விகிதம் எடுக்க வேண்டும்.

11. ஆக்சிஜனை வெளியேத்தணுமா? எங்க காலேஜ்ல நைட்ரஜன் சிலிண்டர் இல்ல.

பைரீன் கிளர்வு நிலையில் நீண்ட நேரம் தங்குவது: ஆக்சிஜன் நீக்கிய சைக்ளோஹெக்சேனில் 400 நானோநொடிக்கு மேல். காற்றுபட்ட அதே கரைப்பானில் ஆக்சிஜன் மோதித் தணிப்பதால் அது ஏறத்தாழ 20 நானோநொடியாகச் சுருங்கிவிடும். ஒளியின் செறிவும் அதே அளவில் விழும். ஆனால் முதற்பட்டையும் மூன்றாம் பட்டையும் ஒரே கிளர்வு நிலையிலிருந்து வருவதால், ஒருபடித்தான கரைப்பானில் இரண்டும் சேர்ந்தே குறையும். விகிதம் பெரிதாக மாறாது. சிலிண்டர் இல்லாமலும் இந்தப் பகுதியைச் செய்யலாம். மிசெல் போன்ற கலவைகளில் இந்தச் சலுகை முழுமையாகச் செல்லாது. அதற்கான காரணம் 17-ஆம் விடையில் இருக்கிறது.

வெப்பநிலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். சித்திரை வைகாசியில் குளிரூட்டி இல்லாத அறையில் காலையில் எடுத்த அளவும் பிற்பகலில் எடுத்த அளவும் வெவ்வேறு வெப்பநிலைக்கு உரியவை. குவெட் (மாதிரி ஊற்றும் சிறு கலம்) தாங்கியில் நீரைச் சுழலவிட்டு 25 டிகிரியில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் வெப்பநிலையைக் குறித்தாவது வையுங்கள்.

12. மெத்தனாலுக்கும் அசிட்டோநைட்ரைலுக்கும் மின்காப்பு மாறிலி கிட்டத்தட்ட ஒன்றுதான். விகிதம் மட்டும் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறது?

மெத்தனாலுக்கு 33, அசிட்டோநைட்ரைலுக்கு 36, விகிதங்களோ 1.35, 1.79. டைமெத்தில் சல்ஃபாக்சைடின் மாறிலி 47-ஆக இருந்தும் 78 உடைய நீரை அது விஞ்சுகிறது. 2-ஆம் விடையின் பொருள் இங்கேதான் விளங்கும். பைரீனிடம் ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்கத்தக்க ஆக்சிஜனோ நைட்ரஜனோ இல்லை. மெத்தனால் மூலக்கூறுகள் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்வதால் மாறிலி உயர்கிறது, ஆனால் அந்த உயர்வில் பெரும்பங்கு பைரீனுக்கு எட்டுவதில்லை. அசிட்டோநைட்ரைலிலும் சல்ஃபாக்சைடிலும் வலிய இருமுனைகள் தடையின்றிப் பைரீனின் முகத்தை நோக்கித் திரும்ப முடிகிறது.

ஆகவே எல்லாக் கரைப்பான்களையும் ஒரே கோட்டில் வரைய முயலாதீர்கள். ஆல்கஹால்களை ஒரு குடும்பமாகவும், ஹைட்ரஜன் பிணைப்புத் தராத முனைவுள்ள கரைப்பான்களை ஒரு குடும்பமாகவும், பென்சீன் வளையம் கொண்டவற்றை மற்றொரு குடும்பமாகவும் பிரித்தால் ஒவ்வொன்றும் ஓரளவு ஒழுங்காக அமையும். பென்சீன் 2.3 என்ற சிறு மாறிலியோடு 1.05 காட்டுவதற்கும், உருமாறத்தக்க அதன் எலக்ட்ரான் முகில் பைரீனோடு நெருங்கி உறவாடுவதே காரணம்.

13. எத்தனாலையும் தண்ணியையும் பாதிப் பாதி கலந்தா நடுவுல உள்ள எண்தானே வரணும்?

வருவதில்லை. பைரீன் நீரை வெறுக்கும் மூலக்கூறு. கலவையில் தன்னைச் சுற்றி எத்தனாலே அதிகம் இருக்கும்படி சூழலைத் தேர்ந்துகொள்கிறது. அதனால் நீரின் அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும், நீர் மிகுந்த கலவையை எட்டும் வரை விகிதம் எத்தனாலின் மதிப்பை ஒட்டியே நிற்கும். வளைகோடு நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே இங்கே கிடைக்கும் செய்தி. விலகலைப் பிழை என்று எண்ணி நேர்கோடு பொருத்திய வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். சோதனையின் பயன் முழுவதையும் அந்தக் கோடு அழித்துவிடுகிறது.

14. சோப்புக் கரைசல்ல திடீர்னு விகிதம் இறங்குது. அதுதான் மிசெல்லா? உள்ள எண்ணெய்னா 0.6 வரணுமே?

சோப்பைப் போல மின்சுமை கொண்ட தலையும் எண்ணெய் போன்ற வாலும் உள்ள சர்ஃபாக்டன்டான சோடியம் டோடெசில் சல்ஃபேட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், 8 மில்லிமோலாரை நெருங்கும்வரை விகிதம் நீருக்குரியதாகவே இருக்கும். பிறகு சரசரவென இறங்கி, ஏறத்தாழ 1.1 அல்லது 1.2-இல் நிலைக்கும். மூலக்கூறுகள் வால்களை உள்ளே வைத்துத் திரண்டு மிசெல்களாவதும், பைரீன் நீரை விட்டு அவற்றுக்குள் குடியேறுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இறக்கம் தொடங்கும் இடம், முடியும் இடம், நடுப்புள்ளி ஆகியவற்றில் எதை மிசெல் உருவாகும் செறிவு என்று கொண்டீர்கள் என்பதை அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

0.6 வராததற்குக் காரணம், பைரீன் எண்ணெய்மயமான நடுப்பகுதியில் தங்குவதில்லை என்பதே. மின்சுமை கொண்ட தலைகளும் நீரும் வால்களின் தொடக்கமும் கலந்திருக்கும் விளிம்பையே அது விரும்புகிறது. இந்த எண்ணை 'மிசெல்லின் உட்பகுதியின் முனைவுத்தன்மை' என்று எழுதுவது தவறு. பைரீன் இருக்கும் விளிம்பின் முனைவுத்தன்மை என்று எழுதுங்கள்.

15. பாக் நீரிணைத் தண்ணிக்கும் மன்னார் வளைகுடாத் தண்ணிக்கும் பைரீன் போட்டு முனைவுத்தன்மை வித்தியாசம் பார்க்கலாமா சார்?

இந்தத் தலைப்போடு ஆண்டுதோறும் யாராவது வருகிறார்கள். இரண்டும் நீரே. இரண்டிலும் பைரீனைச் சுற்றி நீர் மூலக்கூறுகளே இருப்பதால், தூய நீருக்கு அருகிலான எண்ணே கிடைக்கும். வேறுபாடு உங்கள் அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும். மாசு பற்றி அறிய வேண்டுமானால் 4-ஆம் விடையில் சொன்ன முறை வேண்டும். பாசியும் கடற்புல்லும் அழுகிக் கரைந்த கரிமப் பொருள்கள் 400 நானோமீட்டருக்கு மேல் அகன்ற ஒளிர்வைத் தந்து பின்னணியை உயர்த்தும் என்பதையும், உப்பு மிகுந்த நீரில் பைரீன் இன்னும் குறைவாகவே கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடல்நீரில் செய்யத்தக்க நல்ல கேள்வி வேறு உண்டு: உப்பு மிசெல்களை எப்படிப் பாதிக்கிறது? 0.1 மோலார் சோடியம் குளோரைடிலேயே 14-ஆம் விடையில் சொன்ன 8 மில்லிமோலார் ஏறத்தாழ 1.5-ஆக இறங்கிவிடும், தலைகளின் மின்விலக்கத்தை உப்பு மறைப்பதே காரணம். ஆனால் அந்தச் சர்ஃபாக்டன்டை நேரடியாகக் கடல்நீரில் போடாதீர்கள். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியமும் 1300 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ள நீரில் கரைசல் கலங்கக்கூடும். கலங்கினால் சிதறல் அளவீட்டைக் கெடுக்கும். அயனியற்ற சர்ஃபாக்டன்டோடு தொடங்குவது அறிவுடைமை.

16. மண்டபத்துப் பாசியிலிருந்து எடுத்த கராஜீனனை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், இந்தக் கரைக்கு ஏற்ற திட்டப்பணி இதுதான் என்பது என் கருத்து. மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. கப்பாபைகஸ் பாசி வளர்ப்பும் இந்தக் கரையோர ஊர்களில் அறிமுகமான தொழில். அந்தப் பாசியிலிருந்து எடுக்கும் பாலிமரான கராஜீனனில் எதிர்மின்சுமை கொண்ட சல்ஃபேட் தொகுதிகள் உண்டு. நேர்மின்சுமை கொண்ட சர்ஃபாக்டன்டான செட்டில் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடைச் சேர்த்தால், அது தனியாக இருக்கும்போது மிசெல்லாகும் ஏறத்தாழ 0.9 மில்லிமோலாருக்கு வெகு கீழேயே பாலிமர்ச் சங்கிலியின் மீது திரளத் தொடங்கும். பைரீன் விகிதம் அந்த இடத்திலேயே இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

எதிரெதிர் மின்சுமைகள் ஈடாகும் செறிவை நெருங்கும்போது வீழ்படிவு வரும். அதற்கு முன்பே அளவீட்டை நிறுத்துங்கள். கராஜீனனைப் பல முறை கூழ்மப்பிரித்துத் தூய்மையாக்குவதும் கட்டாயம். பாசியின் நிறமிகள் சிறிதளவு எஞ்சினாலும் 10-ஆம் விடையில் சொன்ன வெற்றுக் கரைசல் கழித்தல் போதாமல் போகும்.

17. ஒரே மாதிரியில் பைரீன் பாதி நீரிலும் பாதி மிசெல்லிலும் இருந்தால், விகிதத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒற்றை எண்ணைப் பார்த்து முடியாது. 1.4 என்பது எல்லாப் பைரீனும் நடுத்தரச் சூழலில் இருப்பதாலும் வரலாம். ஒரு பங்கு 1.8-இலும் மறுபங்கு 1.1-இலும் இருப்பதன் சராசரியாகவும் வரலாம். அதுவும் தலைக்கணக்குச் சராசரி அன்று. அதிகம் ஒளிரும் பங்கு அதிகம் பேசும். ஆக்சிஜன் ஓரிடத்தில் இருப்பதை அதிகமாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் தணித்தால் விகிதமே மாறிவிடும். 11-ஆம் விடையில் நான் சலுகையை வரையறுத்தது இதனால்தான்.

தணிப்பானைக் கொண்டு பிரித்துப் பார்க்கலாம். எதிர்மின்சுமை கொண்ட மிசெல்லின் பரப்பு அயோடைடு அயனியை விலக்கும். ஆகவே சோடியம் அயோடைடைச் சேர்த்தால் நீரில் உள்ள பைரீன் மட்டுமே தணியும். சேர்க்கச் சேர்க்க விகிதம் 1.1-ஐ நோக்கி இறங்கினால் இரண்டு பங்குகள் இருந்தன என்று பொருள். ஒளி குறையாமலும் விகிதம் மாறாமலும் இருந்தால் எல்லாம் மிசெல்லிலேயே இருந்தது. அயோடைடும் உப்பே என்பதால், அதே அளவு சோடியம் குளோரைடு சேர்த்த இணை மாதிரியோடு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் 15-ஆம் விடையில் சொன்ன உப்பின் விளைவைத் தணிப்பு என்று படித்துவிடுவீர்கள்.

18. நைட்ரோமீத்தேன்ல பைரீன் ஒளிரவே மாட்டேங்குது. கருவி கெட்டுப்போச்சா?

கருவி நன்றாகவே இருக்கும். கிளர்வுற்ற பைரீனிடமிருந்து நைட்ரோமீத்தேன் எலக்ட்ரானைப் பறித்து ஒளிர்வைத் தணித்துவிடுகிறது. மாற்றுவகை எனப்படும், ஆறு உறுப்பு வளையங்களால் மட்டும் ஆன ஹைட்ரோகார்பன்கள் பெரும்பாலும் இப்படித் தணிகின்றன. ஐந்து உறுப்பு வளையமும் சேர்ந்த ஃபுளோரான்தீன் போன்றவை பொதுவாகத் தணிவதில்லை. எரிபொருள் சாற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் ஒளிர்வுகளைப் பிரித்தறிய இந்த வேறுபாடு உதவும். கரைப்பான் அளவுகோலுக்கு மட்டும் நைட்ரோமீத்தேன், கார்பன் டெட்ராகுளோரைடு, அமீன்கள் ஆகியவற்றை விலக்கி வையுங்கள்.

19. வேலை முடிஞ்சதும் கரைசலை சிங்க்ல ஊத்திரலாமா? கொஞ்சம்தானே?

கூடாது. பைரீன் நீர்வாழ் உயிரிகளுக்கு நஞ்சு. வெயிலில் அதன் தீங்கு இன்னும் கூடும். கல்லூரிச் சாக்கடை போய்ச் சேருவது 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் பக்கம். கரிமக் கரைப்பான் கழிவை ஒரு புட்டியிலும், குளோரின் கலந்த கரைப்பான்களை வேறொரு புட்டியிலும் சேர்த்து, பெயரும் தேதியும் எழுதி, ஆய்வக உதவியாளரிடம் ஒப்படையுங்கள். தூளை எடைபோடும்போது கையுறை அணியுங்கள். எடைபோட்ட தாளையும் அதே கழிவோடு சேருங்கள்.